நாற்பத்தோராவது திருத்தம்

மச்சான் எழுதிய கடல் நாவலில் மொத்தம் நாற்பத்தொரு அறிவியல் பிழைகள். இருபத்தைந்து வருஷமாக இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம், நிமிஷம் என்கிற மனுஷரின் பேச்சை ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இப்போது பதிப்பகமே கடிதம் போட்டிருந்தது. நாவலுக்கு வெள்ளிவிழாப் பதிப்பு கொண்டுவருகிறார்களாம். திருத்த வேண்டியது ஏதாவது இருந்தால் அந்தந்தப் பக்கத்தின் அடியில் குறிப்பாகப் போட்டுவிடலாம், தாங்கள் எழுதித் தர முடியுமா என்று மரியாதையாகக் கேட்டிருந்தார்கள்.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். பிறகு மனைவியைக் கூப்பிட்டார்.

"உங்க அண்ணன் மாட்டிக்கிட்டாரு," என்றார்.

நிமிஷம் என்பது அவர் பெயர் இல்லை. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அடையாள அட்டையிலும் அந்த நாவலின் முன்பக்கத்திலும்தான் அதைப் பார்க்கலாம். துறைமுகத்தில் மூழ்கி வேலை செய்தவர்களுக்கு அவர் நிமிஷம்தான். கப்பலின் அடியைச் சுரண்டுவது, பாலத் தூணைப் பற்றவைப்பது, மூழ்கிய படகைக் கட்டி இழுப்பது என்று ஆட்கள் ரப்பர்க் குழாய் வழியாகக் காற்று வாங்கிக்கொண்டு கீழே இறங்குவார்கள். இவர் மேலே படகில் ஒரு கறுப்புப் பலகையும் கடிகாரமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். யார் எவ்வளவு ஆழம் போனான், எவ்வளவு நேரம் இருந்தான், எங்கே எத்தனை நிமிஷம் நிறுத்தி ஏற்றவேண்டும் என்பதெல்லாம் அவர் பொறுப்பு.

நிறுத்தித்தான் ஏற்றவேண்டும். ஆழத்தில் ரொம்ப நேரம் இருந்தவனின் உடம்புக்குள் காற்று கரைந்து ஊறிப்போயிருக்கும். சட்டென்று மேலே வந்தால் சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி அது ரத்தத்துக்குள்ளேயே பொங்கும். மூட்டு போகும், கால் போகும், சில சமயம் ஆளே போய்விடுவான். அதனால் ஒன்பது மீட்டரில் இத்தனை நிமிஷம், ஆறில் இத்தனை, மூன்றில் இத்தனை என்று அட்டவணை உண்டு. வேலை முடிந்தும் மேலே வரமுடியாமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு குளிரில் தொங்கவேண்டும். கயிற்றை ஒரு தடவை இழுத்தால் நில் என்று அர்த்தம். நாலு தடவை இழுத்தால் மேலே தூக்கு.

குளிர் தாங்காமல் எல்லாரும் நாலு இழுப்பார்கள். சில குறும்புக்காரர்கள் மேலே இருக்கிறவர் அசைகிறாரா பார்க்கலாம் என்று வேண்டுமென்றே இழுப்பார்கள். அவர் அசைந்ததில்லை. பதிலுக்கு ஒரே ஒரு இழுப்பு, நில். பதினோரு வருஷத்தில் ஒருவனையும் ஒரு நிமிஷம் முன்னதாகத் தூக்கியதில்லை, ஒருவனுக்கும் மூட்டுப் போனதில்லை. "நிமிஷம் மேல உக்காந்திருந்தா எமனா இருந்தாலும் முழு நேரம் தொங்கிட்டுத்தான்டா வரணும்" என்று சொல்லிச் சிரிப்பார்கள். அவருக்கு அதில் தலைகால் புரியாத பெருமை.

மச்சான் வேறு ரகம். மனைவியின் அண்ணன். காதில் தண்ணீர் போய்விடும் என்று குளிக்கும்போது பஞ்சு வைத்துக்கொள்கிற மனுஷன். கடலை அவர் பார்த்ததெல்லாம் கரையில் நின்று, அதுவும் செருப்பைக் கழற்றாமல். ஆனால் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தால் கடலடியில் ஓர் இரும்பு வீட்டைக் கட்டி, அதற்குள் ஒரு தளபதியையும் அவருடைய ஆட்களையும் குடிவைத்து, படிக்கிறவனுக்கு மூச்சுத் திணறும்படி செய்துவிடுவார். நாவல் பதினெட்டு முறை அச்சானது. ஓர் அத்தியாயம் பள்ளிக்கூடப் பாடத்தில் இருக்கிறது. மதிப்புரை எழுதியவர்கள் எல்லாரும் சொல்லிவைத்த மாதிரி ஒரே வார்த்தையைப் போட்டார்கள், அறிவியல் துல்லியம். அதற்குக் காரணம் முன்பக்கத்தில் இருந்த ஒரு வரி. "கடலடி விவரங்கள் அனைத்தையும் சரிபார்த்துத் தந்தவர், துறைமுகத்தில் மூழ்கு பணியைக் கண்காணித்த அனுபவசாலி, என் தங்கையின் கணவர்." அதற்குக் கீழே நிமிஷத்தின் நிஜப் பெயர்.

சாப்பாட்டு மேஜையில் புத்தகத்தை விரித்துவைத்து இரண்டு நாள் எழுதினார். நாற்பது மீட்டர் ஆழத்தில் கதாநாயகியின் உதடு சிவப்பாகப் பளிச்சிடுகிறதாம். அந்த ஆழத்தில் சிவப்பு என்ற நிறமே கண்ணுக்குத் தெரியாது, கையைக் கீறிக்கொண்டால் ரத்தம் பச்சையாகத் தெரியும். சுறா உறுமுகிறது. அதற்குத் தொண்டையில் உறுமுகிற ஏற்பாடே கிடையாது. தளபதி காற்றோட்டமில்லாத இரும்பு வீட்டுக்குள் மூன்று நாள் சுருட்டுப் பிடிக்கிறார், ஒருவருக்கும் தலைகூட வலிக்கவில்லை. தண்ணீருக்குள் யாரோ கத்த, சத்தம் வந்த திசையில் சரியாகத் திரும்பிப் பார்க்கிறான் ஒருவன். தண்ணீருக்குள் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று எவனாலும் சொல்ல முடியாது. ஆக்டோபஸை வெட்டினால் சிவப்பு ரத்தம் கொட்டுகிறது. அதன் ரத்தம் நீலம்.

மனைவி காய் நறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கதைதானேங்க. சுறா உறுமினா உங்களுக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

"கதைன்னா கதைன்னு போடட்டும். துல்லியம் துல்லியம்னு எதுக்குத் தம்பட்டம் அடிக்கறாங்க? அதுலயும் எம்பேரப் போட்டு."

"உங்க பேரு வந்தப்ப ஊரெல்லாம் காட்டுனீங்களே."

அவர் பக்கத்தைத் திருப்பினார். நாற்பது பிழைகளையும் வரிசையாக எழுதினார். உள்ளதைச் சொன்னால் அந்த நாற்பதும் சும்மா. நாற்பத்தொன்று தனியாகப் போய் நிற்கக் கூச்சப்பட்டதால் துணைக்குக் கூட்டிவந்தவை. அவருக்கு வேண்டியது பதினாலாம் அத்தியாயத்தின் அடியில் நாலு வரி. அந்த நாலு வரியை ஒரே ஒரு ஆள் படித்தால் போதும்.

பதினாலாம் அத்தியாயத்தில் தளபதியின் ஆட்களில் ஒருவன் ஒன்பது மீட்டரில் நின்று முடித்துவிட்டு ஆறு மீட்டரில் தொங்கிக்கொண்டிருக்கிறான். குழாயில் வருகிற காற்று கெட்டுப்போகிறது. நாலு தடவை கயிற்றை இழுக்கிறான். மேலே பலகையும் கடிகாரமும் வைத்துக்கொண்டிருக்கிற நண்பன் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "நிமிஷக் கணக்கு நாசமாகப் போக!" என்று பலகையைத் தூக்கிக் கடலில் எறிந்துவிட்டு இரண்டு கையாலும் கயிற்றை இழுக்கிறான். நண்பன் மேலே வருகிறான், கட்டிப்பிடித்து அழுகிறார்கள். மறுநாள் காலை அவன் மேல்தளத்தில் உட்கார்ந்து மவுத் ஆர்கன் வாசிக்கிறான். பாடப் புத்தகத்தில் இருக்கிறது என்று சொன்னேனே, இந்த அத்தியாயம்தான்.

நிஜத்தில் தொங்கியவனுக்குப் பெயர் நெட்டை. அதுவும் பட்டப்பெயர்தான், ஆறடி இரண்டங்குலம் இருந்தால் வேறென்ன வைப்பார்கள். நிமிஷத்தின் உயிர் நண்பன். இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால், ஒரு நாள் மத்தியானம், மூழ்கிப்போன ஒரு படகில் கம்பி கட்டிவிட்டு வந்துகொண்டிருந்தான். ஒன்பது மீட்டரில் முழு நேரமும் நின்றான். ஆறு மீட்டருக்கு வந்தான். அங்கே நிற்கும்போது காற்றுத் திசை மாறி, கீழே காற்று அனுப்பும் எந்திரத்தின் புகை அதே எந்திரத்தின் வாய்க்குள்ளேயே போக ஆரம்பித்தது. மேலே யாருக்கும் தெரியவில்லை. நெட்டை நாலு இழுத்தான். நிமிஷம் வழக்கம்போல் ஒன்று இழுத்தார். கொஞ்ச நேரத்தில் கயிறு தொய்ந்துவிட்டது. தூக்கிப் பார்த்தபோது தலைக்கவசத்துக்குள் முகம் புகை விஷம் ஏறி ரோஜாப்பூ நிறத்தில் இருந்தது, உயிர் இல்லை.

விசாரணையில் இப்படித்தான் சொன்னார். மனைவியிடமும் மச்சானிடமும் இப்படித்தான் சொன்னார். எந்திரத்தின் கோளாறு, பலகையில் இருந்தவர் அட்டவணைப்படிதான் நடந்தார், அவர்மேல் குற்றமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

அதற்கடுத்த வருஷம் மச்சான் பதினாலாம் அத்தியாயத்தைக் கையெழுத்துப் பிரதியாகக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். "உங்களுக்காகத்தான் எழுதினேன் மாப்ளே. அங்க முடியாதது இங்கயாவது நடக்கட்டும்." நிமிஷம் படித்துவிட்டு மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். மற்ற அத்தியாயங்களில் பென்சிலால் ஏதாவது கிறுக்கியிருப்பார், மச்சான் அதைக் கண்டுகொள்ளவில்லை என்பது வேறு விஷயம். அந்த அத்தியாயத்தில் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. கீழே எல்லாவற்றுக்கும் போடுவதுபோல் ஒரு டிக் போட்டார். அவ்வளவுதான், அச்சுக்குப் போய்விட்டது.

புத்தகம் வந்த மூன்றாம் மாதம் நெட்டையின் மனைவி வீட்டுக்கு வந்தாள், கையில் புத்தகத்தோடு. உட்காரவில்லை. பக்கத்தை மடக்கி வைத்திருந்தாள்.

"அண்ணா, அப்ப தூக்கியிருக்கலாமா?"

"கதைம்மா அது. நிஜத்துல தூக்கியிருந்தா மேல வரதுக்குள்ள செத்திருப்பான். நம்பும்மா."

அவள் முன்பக்கத்தைத் திருப்பி அந்த வரியின்மேல் விரலை வைத்தாள். "சரிபாத்துக் குடுத்தது நீங்கன்னு போட்டிருக்கே."

அவள் புத்தகத்தை அங்கேயே நாற்காலியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அப்புறம் சாகும்வரை அந்த வாசற்படி மிதிக்கவில்லை. அப்போது ஏழு எட்டு வயதாக இருந்த பெண் இன்றைக்கு மருந்துக்கடை வைத்திருக்கிறாள். தெருவில் இவரைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவாள். சின்ன வயதில் இவர் தோளில் ஏறி உட்கார்ந்து காதைத் திருகிய பெண். அந்தப் பெண் ஒரு தடவை படிக்கவேண்டும், அச்சில் படிக்கவேண்டும், தூக்கியிருந்தாலும் அப்பா பிழைத்திருக்க மாட்டார் என்று. நிமிஷத்துக்கு இந்த உலகத்தில் பாக்கி இருந்த ஆசை அது ஒன்றுதான்.

நாற்பத்தொன்றை இப்படி எழுதினார்: "இது நடக்கவே முடியாதது. ஆழத்தில் ஒரு மணி நேரம் இருந்தவரை வழியில் நிறுத்தாமல் தூக்கினால் படகுக்கு வருமுன் இறந்துவிடுவார். மேலே இருந்தவர் பலகையின்படி நடப்பதைத் தவிர வேறு வழியில்லை."

அடுத்த வாரம் பதிப்பாசிரியர் தொலைபேசியில் பேசினாள். சின்னப் பெண், தேன் மாதிரிக் குரல். "குறிப்பெல்லாம் பிரமாதம் சார். ஆனா அச்சுல போறதுனால அந்தந்த அத்தியாயத்தோட சேத்து ஒரு டாக்டர்கிட்ட காட்டிக்கறோம். மூழ்கறவங்களுக்கு வைத்தியம் பாக்கறவரு, சட்டுனு மேல வந்தவங்கள உள்ள வச்சுக் காத்தழுத்தம் ஏத்திக் காப்பாத்தற அழுத்த அறை வச்சிருக்காரு. தப்பா எடுத்துக்காதீங்க."

"இதுல தப்பா எடுக்க என்னம்மா இருக்கு? தாராளமா காட்டுங்க. குறிப்புக்குக் கீழ அவரு பேரையும் போடுங்க."

போனை வைத்தவர் துள்ளாத குறைதான். டாக்டர் கையெழுத்தோடு வந்தால் யார் மறுக்க முடியும்? சட்டையை மாற்றிக்கொண்டு நேராக மருந்துக்கடைக்குப் போனார்.

கண்ணாடி மேஜைக்குப் பின்னால் அவள் மாத்திரை அட்டைகளை எண்ணி உறையில் போட்டுக்கொண்டிருந்தாள். அப்பாவின் உயரம். நிமிர்ந்து பார்த்தாள், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"சொல்லுங்க."

"முட்டிவலிக்கு ஏதாவது..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். "இல்லம்மா. மருந்து வாங்க வரல. அந்தப் புஸ்தகம் மறுபடி போடறாங்க. பதினாலாம் அத்தியாயத்துல இருக்கறது தப்புன்னு எழுதிக் குடுத்திருக்கேன். டாக்டர் பாத்துச் சொல்லப்போறாரு. உங்கம்மா என்னைத் தப்பா நெனச்சுக்கிட்டே போய்ட்டாங்க. நீயாவது படிச்சுப் பாக்கணும்."

அவள் உறையின் வாயை ஒட்டினாள். அதன்மேல் காலை, மதியம், இரவு என்று கட்டம் போட்டு எழுதினாள்.

"டாக்டர் என்ன சொல்றாருன்னு வரட்டும். கொண்டாங்க, படிக்கறேன்."

இருபத்தைந்து வருஷத்தில் அவள் அவரிடம் பேசிய முதல் பேச்சு. வீட்டுக்கு நடந்தே வந்தார்.

பத்து நாள் கழித்துப் பதிப்பகத்துக்கு வரச்சொன்னார்கள். மாடியில் ஒரு நீள அறை, சுவரெல்லாம் கட்டுக்கட்டாகப் புத்தகம், காகித வாசனை. மச்சான் ஏற்கெனவே வந்து விசிறிக்கு நேராக இடம் பிடித்திருந்தார். எழுபத்திரண்டு வயதிலும் தலைமுடிக்கு மை.

"வாங்க மாப்ளே. சுறா உறுமாதாமே? நான் எழுதின சுறா உறுமும். அதுக்கு நான் சொல்லிக் குடுத்திருக்கேன்."

பதிப்பாசிரியர் சிரித்தாள். ஆனால் நிமிஷத்தின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு காகிதத்தை எடுத்தாள். "டாக்டர் பதில் போட்டிருக்காரு சார். படிக்கட்டுமா?"

"படிங்கம்மா. சத்தமா படிங்க, மச்சான் காதுல பஞ்சு இருக்கும்."

அவள் படித்தாள். "முதல் நாற்பது குறிப்புகளும் மிகச் சரி. எழுதியவருக்கு என் பாராட்டு. நாற்பத்தொன்று மட்டும் சரியல்ல. ஒன்பது மீட்டரில் முழு நேரமும் நின்றுவிட்டு ஆறு மீட்டருக்கு வந்தவரை அங்கிருந்து நேராகத் தூக்கினால் இறந்துவிடுவார் என்று சொல்ல முடியாது. மூட்டுவலி வரலாம். கால் செயலிழக்கலாம். ஒன்றும் ஆகாமலும் போகலாம். எட்டும் தூரத்தில் அழுத்த அறை இருந்தால் பெரும்பாலோர் பிழைப்பார்கள். ஆனால் சுவாசிக்கிற காற்றே கெட்டுப்போயிருக்கும்போது தண்ணீரில் நிறுத்தி வைத்தால் மரணம் நிச்சயம். அந்த நிலையில் தூக்குவதுதான் முறை. மறுநாளே அவர் மேல்தளத்தில் உட்கார்ந்து வாசிப்பது மட்டும்தான் கொஞ்சம் மிகை."

"அப்படிப் போடு!" மச்சான் மேஜையைத் தட்டினார். "பாத்தீங்களா மாப்ளே? கடல் பக்கமே போகாதவன் எழுதினது சரி, பதினோரு வருஷம் படகுல உக்காந்தவர் சொன்னது..." 

அங்கேயே நின்றுவிட்டார். என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. தட்டிய கையை மெல்ல எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பதிப்பாசிரியருக்குப் பழைய கதை தெரியாது, இவர் முகத்தையும் அவர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"அதை எடுத்துடும்மா," என்றார் மச்சான். "நாப்பது போதும். பதினாலாம் அத்தியாயத்துக்குக் குறிப்பே வேணாம்."

"இல்ல," என்றார் நிமிஷம்.

"மாப்ளே, சொன்னா கேளுங்க. தப்புன்னே போடச் சொல்றேன். என் புஸ்தகம், தப்பாவே இருந்துட்டுப் போகட்டும். யாருக்கு என்ன நஷ்டம்?"

அந்த மனுஷனை இத்தனை வருஷம் மனதுக்குள் திட்டாத நாள் இல்லை. இன்றைக்கு அவர் தன் துல்லியத்தையே தூக்கிக் கொடுக்கத் தயாராக எதிரே உட்கார்ந்திருக்கிறார். நிமிஷத்துக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"டாக்டர் எழுதினத அப்படியே போடுங்கம்மா. எனக்கு ஒரு பிரதி வேணும்."

காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினார். டாக்டர் அவருக்குப் புதிதாக எதுவும் சொல்லிவிடவில்லை. அதுதான் விஷயம். கப்பல் கட்டும் தளத்தில் அழுத்த அறை இருந்தது. படகில் போனால் அரைமணி நேரம். வருஷத்துக்கு ஒரு தடவை உடம்புப் பரிசோதனைக்கு எல்லாரும் அங்கேதான் போவார்கள். அது மட்டுமா? அவர்கள் படகின் சமையல்காரரே ஒரு காலத்தில் மூழ்கியவர்தான். காற்று எந்திரம் நின்றுபோய் ஒரு நாள் நேராக மேலே வந்தவர். வலது காலை இழுத்து இழுத்து நடந்து இருபது வருஷமாக எல்லாருக்கும் தேநீர் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். மூன்று பிள்ளை பெற்றார்.

அன்றைக்கு நெட்டை நாலு இழுத்தது ஒரு தடவை இல்லை. முதல் தடவை இழுத்தபோது நிமிஷம் சிரித்தார். "நெட்டைக்குக் குளுருதாம்." ஒன்று இழுத்தார். இரண்டாம் தடவை வந்தபோது தேநீர்க் குவளையோடு பக்கத்தில் நின்ற சமையல்காரர் கயிற்றைப் பார்த்தார். "இது குளுருக்கு இழுக்கற இழுப்பு இல்ல தம்பி. தூக்கிடு. நொண்டினாலும் உசுரோட இருப்பான், என்னைப் பாரு." இவர் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் பதினாறு நிமிஷம் இருந்தது. பதினோரு வருஷப் பெயர். "என் பலகைல இருந்து ஒருத்தனும் நொண்டிட்டுப் போனதில்ல," என்று சொல்லி ஒன்று இழுத்தார். மூன்றாம் தடவை வந்த இழுப்பில் பலமே இல்லை. அதற்கும் ஒன்று.

விசாரணையில் எத்தனை தடவை என்று கேட்டார்கள். ஒரு தடவை என்றார். சமையல்காரர் அடுத்த அறையில் உட்கார்ந்திருந்தார், அவரை யாரும் கூப்பிடவே இல்லை. சமையல்காரரிடம் என்ன கேட்பது என்று விட்டுவிட்டார்கள். அந்த வருஷமே அவரும் வேலையை விட்டுப் போய்விட்டார், போகும்போது சொல்லிக்கொள்ளவில்லை. அதற்கப்புறம் நிமிஷம் சுறாவின் தொண்டையையும் ஆக்டோபஸின் ரத்தத்தையும் பிடித்துக்கொண்டு இருபத்தைந்து வருஷம் மச்சானோடு மல்லுக்கட்டினார். தூக்கியிருந்தால் செத்திருப்பான், தூக்கியிருந்தால் செத்திருப்பான் என்று சொல்லிச் சொல்லி அவரே முக்கால்வாசி நம்பிவிட்டார்.

வீட்டுக்குப் போயிருக்கலாம். காகிதத்தைக் கிழித்துப் போட்டிருக்கலாம், டாக்டர் பதிலே போடவில்லை என்று சொல்லியிருக்கலாம். கால் மருந்துக்கடைப் பக்கம் திரும்பியது. கொண்டாங்க என்று அவள் சொல்லியிருந்தாள்.

கடையில் இரண்டு பேர் நின்றார்கள். அவர்கள் போகும்வரை ஓரமாகக் காத்திருந்தார். பிறகு காகிதத்தைக் கண்ணாடிமேல் வைத்து அவள் பக்கம் நகர்த்தினார். அவள் பிரித்துப் படித்தாள். மருந்துச் சீட்டுப் படிக்கிறவள் இல்லையா, ஒரு சொல்லையும் விடாமல் மெதுவாகப் படித்தாள். முடித்ததும் மேலேயிருந்து இன்னொரு தடவை படித்தாள்.

"பக்கத்துல அழுத்த அறை இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா. அரைமணி நேரம்."

"தூக்கலாம்னு அங்க யாருக்குமே தோணலையா?"

"சமையல்காரரு சொன்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அன்றைக்குப் படகில் தான் சொன்னதை அப்படியே சொன்னார். ஒரு வார்த்தையைக்கூட மாற்றவில்லை.

அவள் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "எத்தனை தடவ இழுத்தாரு?"

"மூணு தடவ."

அதற்குள் ஓர் ஆள் இருமிக்கொண்டே வந்து நின்றார். அவள் திரும்பி அலமாரியிலிருந்து ஒரு புட்டியை எடுத்தாள். காலையில் ஒரு மூடி, ராத்திரி ஒரு மூடி, சாப்பிட்ட பிறகு, நன்றாகக் குலுக்கிவிட்டு என்று பொறுமையாகச் சொன்னாள். அந்த ஆள் மறுபடி கேட்டார், மறுபடி சொன்னாள். அவர் போனதும் டாக்டர் காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே நாலாக மடித்தாள். அவள் கத்துவாள் என்று நிமிஷம் எதிர்பார்த்தார். அறைந்தால்கூட நல்லது என்று நினைத்தார்.

"வீல்சேர்ல உக்காந்திருந்தா தள்ளிட்டுப் போயிருப்பேன்," என்றாள். "அம்மாவும் தள்ளியிருப்பாங்க."

"தெரியும்மா."

"அந்தப் புஸ்தகத்த அம்மாவுக்குத் தெரியாம எத்தனையோ தடவ படிச்சிருக்கேன். சுறா உறுமுச்சு, நம்பினேன். தண்ணிக்கடியில சுருட்டுப் புடிச்சாங்க, அதையும் நம்பினேன். எங்கப்பா மறுநாள் உக்காந்து மவுத் ஆர்கன் வாசிச்சாரு, அதைக்கூட நம்பினேன்." காகிதத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். "மேல இருந்து பலகையைத் தூக்கிக் கடல்ல வீசினானே, அந்த ஆளைத்தான் என்னால நம்பவே முடியல மாமா. உங்களை எனக்குத் தெரியுமில்ல."

பிறகு அவர் தோளுக்கு அப்பால் பார்த்து, "அடுத்து யாரு, வாங்க," என்றாள். பின்னால் நின்றிருந்த அம்மாள் மருந்துச் சீட்டை நீட்டினாள், நிமிஷம் ஒதுங்கி வழிவிட்டார்.